முகமுகமாய்

அன்புள்ள ஐயா,

ஆதித் திருச்சபையில் எல்லோரும் ஒருமனமாய் இருந்தார்கள், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்த பிறகுதான் உபதேசச் சண்டையும் பதவிச் சண்டையும் வந்தன என்கிறார்களே, சரியா? அப்போஸ்தலர்கள் பேதுரு, பவுல் இருவரில் யார் தலைவர்? அந்தியோகியாவில் பவுல் பேதுருவைக் கண்டித்ததைப் பற்றி வேதபாட வகுப்பில் கேட்டேன். "அது நிஜச் சண்டை இல்லை, சபைக்குப் பாடம் சொல்ல இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்தது" என்றார் போதகர். எனக்கு நெருடுகிறது. இந்தக் கடிதத்தை நண்பர்கள் நான்கு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நிகேயாவில் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டியது 325இல். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்து சபையார் கட்சி கட்டியது அதற்கு 250 ஆண்டுகளுக்கும் முன்பு. வேதபாட வகுப்புக்குப் போகிறவர் இதை என்னிடமா கேட்பது? புத்தகம் உங்கள் மடியில்தானே இருக்கிறது! யார் தலைவர் என்ற கேள்வியில் நான் இறங்கப்போவதில்லை. அதற்கு முன் நீங்கள் எந்தச் சபை, நான் எந்தச் சபை என்று ஆரம்பித்துவிடும்.

மூன்றாவதுக்கு வருகிறேன். சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதே இதைத்தான்.

நடந்தது எளிய விஷயம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு, அதாவது யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூத வழக்கத்துக்கு அது ஆகாது. எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபினிடத்திலிருந்து, சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகிவிட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், கடைசியில் பர்னபாவும்கூட. பவுல் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். முகமுகமாய் எதிர்த்தேன் என்று கலாத்தியருக்கு அவரே எழுதுகிறார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை.

நாடகம் என்ற விளக்கம் உங்கள் போதகரின் சொந்தச் சரக்கு அல்ல. மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஆரிஜென் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு 387 வாக்கில் பெத்லகேமில் உட்கார்ந்து கலாத்தியருக்கு உரை எழுதியவர் ஜெரோம், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர். அவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. போர்ஃபிரி என்ற தத்துவவாதி, உங்கள் தலைவர்கள் இருவரும் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்கிறார்கள் என்று பரிகாசம் செய்திருந்தார். வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிட்டால் நாம் என்ன சொல்வோம்? சும்மா விளையாடிக்கொண்டிருந்தோம் என்போம். ஜெரோம் சொன்னது அதுதான்.

ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் குருவாயிருந்து பின் ஆயரான அகுஸ்தீனுக்கு இது பொறுக்கவில்லை. நாடகம் என்றால் பவுல் எழுதிவைத்தது பொய் என்றாகிறதே. வேதத்தில் நல்ல நோக்கத்துக்காக ஒரே ஒரு பொய் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் போதும், பிடிக்காத வசனத்தையெல்லாம் அவனவன் அப்படியே தள்ளிவிடுவான் என்று ஜெரோமுக்கு எழுதினார். ஆனால் கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோக வேண்டியவரை வழியில் ஆயராக்கிவிட்டார்கள், சீக்கிரமே இறந்தும் போனார். இரண்டாவது கடிதத்தை வாங்கியவர் கடலுக்குப் பயந்து கப்பல் ஏறவில்லை. ஆனால் அதன் பிரதி இத்தாலியில் கைமாறி கைமாறிச் சுற்றியது. ஏட்ரியாட்டிக் கடலின் ஒரு தீவில் அதைப் பார்த்த ஒருவர்தான் ஜெரோமுக்கு எடுத்துப்போனார். தன்னைக் கண்டித்த கடிதத்தை ஊரெல்லாம் படித்த பிறகு கடைசியில் படிக்கிறார் மனிதர்! வயதானவனைச் சீண்டாதே, களைத்த மாடுதான் காலை அழுத்தி ஊன்றும், ஜாக்கிரதை என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

(நடுவில் இன்னொரு கூத்து. தீர்க்கதரிசி யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியை ஜெரோம் தன் மொழிபெயர்ப்பில் சுரையிலிருந்து ஐவிக் கொடியாக மாற்றிவிட்டார். வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையில் அதை வாசித்ததும் ஜனங்கள் கலாட்டா செய்து, ஆயருக்குப் பதவியே போயிருக்கும். நம் தமிழ் வேதாகமத்தில் ஆமணக்கு. நாம் யாரும் சண்டை போடவில்லை.)

404இல் ஜெரோம் நீளமாக, காரமாக எழுதினார். அடுத்த ஆண்டு அகுஸ்தீன் எழுதிய பதிலில் ஓர் இடம் வருகிறது. பவுல் துணிந்து கண்டித்தது பெரிதுதான், ஆனால் பின்னால் வந்தவன் சொன்னதை பேதுரு தாழ்மையாக ஏற்றுக்கொண்டாரே, அது அதைவிட அரியது என்கிறார். நாடகம் என்று சொன்னால் பேதுருவின் கௌரவத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். அவர் செய்த பெரிய காரியத்தைத்தான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். ஜெரோமும் நான் தோற்றேன் என்று எங்கும் எழுதவில்லை. பத்து வருஷம் கழித்து, 415இல், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழலாம் என்ற பெலேஜியர்களுக்கு எதிராக எழுதும்போது, பேதுருவே கண்டிக்கப்பட்டார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்காட்டிவிட்டுப் போகிறார்.

எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது ஒரு மூத்த எழுத்தாளரின் கட்டுரையில் பிழை கண்டுபிடித்து ஏழு பக்கம் கடிதம் எழுதினேன். தபாலில் போடும் முன் டீக்கடையில் மூன்று நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். நன்றாக வேறு இருந்ததா, அப்புறம் இன்னும் இரண்டு பேருக்கு. ஒரு வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. "தம்பி, உங்கள் கடிதம் வந்தது. அதற்கு முன்பே ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள்." அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை. ஆறு ஆண்டு கழித்து அந்தக் கட்டுரை புத்தகத்தில் வந்தபோது நான் சொன்ன பத்தி அதில் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த அட்டையை எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

அதனால்தான் உங்கள் மேல் கோபம். போதகர் சொன்னது தவறு, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஆனால் அவரிடம் திரும்பக் கேட்டீர்களா? நண்பர்கள் நான்கு பேர், ஐந்தாவதாக நான், அவர் எத்தனையாவது? உங்கள் கடிதத்திலிருந்து அவர் பெயரையும் சபையின் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.