திருவிழா ஆடல் பாடலைத் தடை செய்தால், அதில் ஆடும் பெண்களுக்கு நல்லதுதானே?

இல்லை. காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் பதினோரு வருடமாக மைக்செட் போடுகிறேன். மாரியம்மன் பண்டிகை என்றால் ஒரு ராத்திரி ஆடல் பாடல் இருக்கும். மேடை ஓரத்தில் சவுண்ட் மிக்சரோடு உட்காருபவன் என்பதால், ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதும் என் கண்ணில் படும்.

போன பங்குனியில் ஒரு ஊர். உடை மாற்ற டிராக்டர் டிரெய்லரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஆடி முடித்த ஒரு பெண் தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துவிட்டுக் காசை எண்ணினாள். பேசியது 2,000, கையில் 1,200. "கேட்டா அடுத்த புரோகிராமுக்குக் கூப்பிட மாட்டாங்கண்ணா" என்றாள். ஏஜென்ட் அதற்குள் வேனில் ஏறிவிட்டார்.

அன்றைக்குப் போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் ஜெராக்ஸ் என் பெட்டியில் இருந்தது. ஆபாச நடனம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, நேரத்துக்கு முடிக்க வேண்டும். சரி, இருக்கட்டும். ஆடுகிறவளுக்குக் கூலி யார் தருவது, எங்கே உடை மாற்றுவாள், நடுராத்திரியில் எப்படி வீடு சேருவாள்? அதற்கு ஒரு வரி கிடையாது.

தடை என்ன செய்யும் என்பதை மகாராஷ்டிராவில் பார்த்தாயிற்று. 2005ல் அங்கே பெண்கள் ஆடும் மதுக்கூடங்களான டான்ஸ் பார்களை மூடினார்கள். பிழைப்புப் போன பெண்கள் பலர் வேறு வழியில்லாமல் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை உச்ச நீதிமன்றமே 2013 தீர்ப்பில் எழுதியது. தடை செல்லாது என்றது. அப்புறம் வந்த 2016 சட்டத்தில் லைசென்ஸுக்கு ஏகப்பட்ட நிபந்தனை. 2019ல் நீதிமன்றம் கேமரா வைப்பது போன்றவற்றை நீக்கிவிட்டு, சிலவற்றை விடாமல் வைத்துக்கொண்டது. அதில் ஒன்று: ஆடுபவரோடு எழுத்தில் ஒப்பந்தம், பணம் அவர் வங்கிக் கணக்கில். நம் அனுமதிக் கடிதத்திலும் இந்த இரண்டு வரியைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதைப் படிக்கும் ஆட்டக்காரப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது கை வைத்தால், தகாத முறையில் நடந்தால், மாவட்டத்தில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஏஜென்ட் மூலம் தினக்கூலிக்கு வந்தவரும் தொழிலாளிதான். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் மைக்செட் பேசும்போதே, ஆடுபவர்கள் கூலியை அவரவர் நம்பருக்கு ஜிபே செய்யுங்கள் என்று கமிட்டியிடம் கேட்கிறேன். இதுவரை இரண்டு ஊர் ஒத்துக்கொண்டது.