வெள்ளம் வடிந்த பிறகு பாட்டு கிளாஸ்: கேள்வி பதில்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் மிக்ஜாம் புயல் மழை. இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்துகிற பலர், இனி வகுப்பை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று கேட்டிருந்தார்கள். நான் ஜாபர்கான்பேட்டையில் வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். 2015இல் அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோதும் 2020 ஊரடங்கின்போதும் வகுப்பை நடத்தியவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரி: டீச்சர், டிசம்பர் முழுக்க வகுப்பே இல்லை. பெற்றோர்களும் நஷ்டத்தில் இருக்கிறார்கள். ஃபீஸ் கேட்கவே வாய் வரவில்லை. கேட்காமலும் முடியவில்லை.

முதலில் வகுப்பைத் தொடங்குங்கள், ஃபீஸ் பேச்சு அப்புறம். நெருக்கடியில் நம் கையைவிட்டுப் போவது ஒரு மாத ஃபீஸ் இல்லை, பிள்ளையின் வழக்கம். செவ்வாய் சாயந்தரம் ஐந்தரை என்றால் பாட்டு கிளாஸ் என்று அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது பாருங்கள், அது இரண்டு மாதம் விட்டுப்போனால் அந்த நேரத்தில் டியூஷனோ கராத்தேயோ வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஹாலில் ஈரம் காயவில்லை என்றாலும், மாடிப்படியில் பாயைப் போட்டாவது, அதே கிழமை அதே நேரத்தில் இருபது நிமிடம் நடத்துங்கள்.

பிறகு எல்லோருக்கும் ஒரே செய்தியை வாட்ஸாப்பில் அனுப்புங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: “டிசம்பரில் நடந்த வகுப்புகளுக்கு மட்டும் அனுப்பினால் போதும். இப்போது சிரமம் என்றால் பொங்கலுக்குப் பிறகு தரலாம். குழந்தையை மட்டும் தவறாமல் அனுப்பிவையுங்கள். பிப்ரவரியிலிருந்து வழக்கமான ஃபீஸ்.” கடைசி வரி கட்டாயம் வேண்டும். சலுகை எந்த மாதத்தோடு முடிகிறது என்று முன்பே சொல்லாவிட்டால், குறைத்த ஃபீஸே நிரந்தரமாகிவிடும். பிறகு ஏற்றும்போதுதான் மனஸ்தாபம் வரும்.

எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிக்காதீர்கள். உண்மையிலேயே முடியாத வீடு எது என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் தனியாக, வேறு யாருக்கும் தெரியாமல், “இந்த மூன்று மாதம் கணக்கே வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

தூத்துக்குடி: என் வீணை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. வெயிலில் வைத்துக் காயவைக்கலாமா அக்கா? மாணவிகளின் வீணைகளும் இரண்டு இருக்கின்றன.

வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பலா மரம் வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும். விரல் அழுத்தும் உலோக மெட்டுகள் உட்கார்ந்திருப்பது மெழுகில். வெயில் பட்டால் அது இளகி, மெட்டு வரிசையே சாய்ந்துவிடும். ஃபேன் காற்றையும் நேராகப் படவிடாதீர்கள்.

முதல் வேலை, தந்திகளைத் தளர்த்துவது. நனைந்த மரத்தின் மேல் தந்தியின் இழுவை இருந்தால் தண்டி, அதாவது நீண்ட கழுத்துப் பகுதி, வளைந்துபோகும். மேலே படிந்த சேற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். உருண்டையான குடத்துக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒருக்களித்துப் பிடித்து வடியவிட்டு, காற்றோட்டமான நிழலில் இரண்டு கட்டைகளின் மேல் வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். தினம் ஒரு முறை திருப்பி வையுங்கள். மரம் உள்வரை காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு ஸ்ருதி கூட்டிப் பார்க்கக் கூடாது.

தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஒட்டு வீணை என்றால் குடமும் தண்டியும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் விளிம்பு நகத்தில் தட்டும். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியும் மேளம் கட்டவேண்டி வரும், அதாவது மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கவேண்டும். மூன்று வீணைக்கும் சேர்த்து ஒரே தடவையாக வீணை செய்யும் ஆசாரியை வரவழையுங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்துபோகும் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வீணை தயாராகும்வரை மாணவிகளை வீட்டில் உட்காரவைக்காதீர்கள். வாசிக்கிற வர்ணத்தை வாயால் பாடவையுங்கள், கையில் தாளத்தோடு. பாடத் தெரிந்தவள் வாசிக்கும்போது கமகம், அதாவது ஸ்வரங்களின் அசைவு, தானாக வரும் என்பது என் அனுபவம். 2015இல் எங்கள் வகுப்பில் வீணை இல்லாமல் நடந்த அந்த மாதங்களில்தான் சில பெண்களுக்கு ஸ்வரஞானமே பிடிபட்டது.

அதே ஊர், மிருதங்க ஆசிரியர்: தோல் எல்லாம் ஊறிப்போச்சு. கட்டை தேறுமா?

கட்டை பெரும்பாலும் தேறும், நிழலில் காயவிடுங்கள். இரு பக்கத் தோல் மூட்டுகளும் அவற்றை இழுத்துக் கட்டும் வாரும் மாற்றத்தான் வேண்டும். வலது பக்கத் தோலான வலந்தலையைக் காப்பாற்றப் பார்த்து நாளை வீணாக்காதீர்கள். அதுவரை சொற்கட்டு வகுப்பு நடத்தலாம். த தி தொம் நம் தொடங்கி முடிப்புச் சொற்கோவைகளான மோரா, கோர்வை வரை வாயால் சொல்லத் தாளம் போடும் கை போதும்.

கீபோர்டு ஆசிரியை, முடிச்சூர்: தண்ணீர் பட்ட கீபோர்டை ஆன் செய்து பார்க்கலாமா?

கூடாது. அடாப்டரைக் கழற்றி, பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டு நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

குரோம்பேட்டை: ஆன்லைனில் நடத்தினால் என் தம்பூரா சத்தம் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. குரலும் விட்டுவிட்டு வருகிறது. சேர்ந்து பாடினால் ஒரே குழப்பம்.

2020இல் எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் இது. ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒலிக்கும் தம்பூராவை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் சில சமயம் வெட்டும். ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஸ்ருதியை உங்கள் பக்கம் வைப்பதோடு மாணவர் வீட்டிலும் தனியாக ஒரு ஸ்ருதிப்பெட்டியோ செயலியோ ஓடட்டும்.

சேர்ந்து பாடுவது நடக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஒலி போய்வர நேரம் பிடிக்கிறது, தாளம் ஒட்டவே ஒட்டாது. நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி. குழுவாக இருந்தால் ஒருவர் பாட மற்றவர்கள் மைக்கை அணைத்துக் கையில் தாளம் போடட்டும். தாளம் போடும் கை கேமராவில் தெரிய வேண்டும். எட்டுப் பேர் வகுப்பை இரண்டு மூன்று பேராகப் பிரியுங்கள். இலவசக் கணக்கில் கிடைக்கும் 40 நிமிடம் மூன்று பேருக்குச் சரியாக இருக்கும்.

யாழ்ப்பாணம்: ரீச்சர், 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் விட்டுப்போன பிள்ளைகள் திரும்பவே இல்லை. சில குடும்பங்கள் கனடாவுக்கே போய்விட்டன. எஞ்சிய பிள்ளைகளிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்கவும் மனமில்லை.

கனடாவுக்குப் போன பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், உங்கள் பாடாந்தரத்தில், நீங்கள் பாடிக்காட்டிய வழியில், வளர்ந்தவர்கள் அவர்கள். குளிர்காலத்தில் உங்களுக்குச் சனிக்கிழமை மாலை ஆறரை என்றால் டொரோண்டோவில் காலை எட்டு மணி. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது ஒன்பது மணியாகிவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களிடம் அந்த ஊர்க் கணக்கில் கட்டணம் வாங்குவதில் தப்பே இல்லை. அப்படி இரண்டு பேர் இருந்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்குக் கட்டணத்தை ஏற்றாமலே சமாளிக்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையை முன்னால் வைத்துப் பாடத்தைத் திட்டமிடுங்கள். பரீட்சை இருக்கிறதென்றால் இடையில் நிறுத்தப் பெற்றோர் யோசிப்பார்கள்.

மேற்கு மாம்பலம்: வகுப்புக்கென்று தனியாக வாடகைக்கு இடம் எடுத்திருக்கிறேன். வெள்ள நிவாரணமாக அரசு கொடுத்த 6000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே போய்விட்டது. வாடகைக்காகக் கடன் வாங்கலாமா?

ஆப் கடன், மீட்டர் வட்டி பக்கமே போகாதீர்கள். முதலில் வீட்டுக்காரரிடம் போய், “இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள், ஆடிக்குள் மறுபடி நிரப்பிவிடுகிறேன்” என்று கேளுங்கள். சென்னையில் கொடுத்துவைத்திருக்கும் அட்வான்ஸ் நம் பணம்தானே. ஒப்புக்கொண்டால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் மறுத்தால், காலையில் பூட்டிக் கிடக்கும் அந்த இடத்தை ஒரு பரத நாட்டிய ஆசிரியையோடு பகிர்ந்துகொள்ள அனுமதி கேளுங்கள். கடைசியாகத்தான் வங்கியில் நகைக்கடன். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தில் வாத்தியம் வாங்க நிதியுதவி உண்டு, நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பித்துவையுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பி வாடகைத் தேதியைக் குறிக்காதீர்கள்.

ஆழ்வார்திருநகர்: புதுப் பிள்ளைகளைச் சேர்க்க அடுத்த விஜயதசமி வரை காத்திருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். தை பிறந்தாயிற்று, 2024 ஜனவரி 25 தைப்பூசம். பக்கத்துக் கோயிலில் கேட்டு, அன்று சாயந்தரம் உங்கள் பிள்ளைகளை அரை மணி நேரம் திருப்புகழ் பாடவையுங்கள். முதல் பாடமான சரளி வரிசை தாண்டாத வாண்டுகளுக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும். கேட்டுவிட்டு வந்து விசாரிக்கிற பெற்றோரிடம் அங்கேயே கிழமையும் நேரமும் சொல்லிவிடுங்கள்.