‘நைட்’டுக்கு முன்னால் ‘கே’ எதற்கு? ஆங்கிலத்தின் பிறப்பும் வளர்ப்பும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆங்கிலத்துக்குத் தாய் லத்தீன் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். சரிதானா?

பதில்: இல்லை. லத்தீனை ஆங்கிலத்துக்குப் பெரியம்மா முறை என்று வேண்டுமானால் சொல்லலாம். ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்ஸன், ஜூட் என்ற கூட்டத்தார் கடல் தாண்டி வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய ஜெர்மானியப் பேச்சுதான் ஆங்கிலமாக வளர்ந்தது. ஆங்கிள்களின் பெயரே மொழிக்கும் நாட்டுக்கும் நிலைத்துவிட்டது. லத்தீனும் சமஸ்கிருதமும், ஆங்கிலம் சேர்ந்த அதே இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் வேறு கிளைகள்.

தமிழில் புழங்கும் வடசொற்களை வைத்தே இந்த உறவைத் தொட்டுப் பார்க்கலாம். பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட்: பழைய பகரம் ஜெர்மானியக் கிளையில் ஃபகரமாகியிருக்கிறது. தந்தம் – டூத், தசம் – டென்: சமஸ்கிருதத்தில் தகரம், ஆங்கிலத்தில் டகரம். ஏதோ ஒரு சொல்லில் தற்செயலாக நடந்ததல்ல, வரிசையாக நடந்த மாற்றம். இதை 1822-ல் ஒழுங்குபடுத்தி எழுதியவர் ஜேக்கப் கிரிம். ஆமாம், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான்.

கேள்வி: ‘எட்டு’தான் ‘எய்ட்’ ஆனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. காதுக்கு நம்பும்படிதானே இருக்கிறது?

பதில்: காதுக்கு இருக்கிறது. ஆனால் சொல்லின் வயதை இன்றைய ஒலியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இரண்டு சொற்களையும் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். ‘எய்ட்’ ஆயிரம் ஆண்டுக்கு முன் ‘எஆஹ்தா’. ஜெர்மனில் அது ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. இன்றும் அந்தச் சொல்லின் நடுவில் எழுதுகிறோமே ஜி-யும் எச்-சும், அவை அந்தப் பழைய ஹகரத்தின் தடம். இப்போது நம் பக்கம் வாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. எட்டின் அடி ‘எண்’. ஒரு பக்கம் ‘ஒக்டோ’, மறுபக்கம் ‘எண்’. சொந்தக்காரர்கள் என்றால் பழைய காலத்துக்குப் போகப் போக முகச்சாயல் கூட வேண்டும். இங்கே குறைந்துகொண்டே போகிறது.

இதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழும் அதன் சகோதர மொழிகளும் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856-ல் விரிவாக நிறுவினார். அந்தத் தனித்தன்மையைக் கலைத்துத்தான் இந்தப் பட்டியல்களைத் தயாரிக்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

கேள்வி: அப்படியானால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எதுவுமே போகவில்லையா?

பதில்: போயிருக்கிறது, அதுவும் சான்றோடு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, கறி ஆகியவை கட்டமரன், செரூட், மல்லிகடானி, கரி என்று அங்கே வாழ்கின்றன. ‘ஜிஞ்சர்’ இன்னும் நீண்ட பயணம் போனது. பாலி மொழியில் ‘சிங்கிவேர’, கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’, பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். அதன் தொடக்கத்தில் நம் இஞ்சியும் வேரும் இருப்பதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

‘கேஷ்’ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ஒன்று நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழியாகப் போன சின்ன நாணயம். கம்பெனி காலச் சென்னையில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற நாணயம், 42 பணம் சேர்ந்தால் ‘வராகன்’ என்ற பொன் நாணயம். இன்னொன்று ரொக்கம் என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்வது. அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வீரனைக் குறிக்கும் ‘நைட்’டுக்கு முன்னால் ஏன் ‘கே’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள் என்று சொல்லுங்கள். ‘க்னிஹ்ட்’ என்று எல்லா எழுத்தும் வாயில் ஒலித்தது. எழுதியபடியே படித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் சிக்கல். ஏறக்குறைய 1400-லிருந்து 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறின. ‘நாம’ என்றது ‘நேம்’ ஆயிற்று, ‘ஹூஸ்’ என்றது ‘ஹவுஸ்’ ஆயிற்று. ‘க்னிஹ்ட்’டின் முதல் ஒலியும் நடு ஒலியும் உதிர்ந்தன. இதற்கு நடுவே 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிவிட்டார். நாளடைவில் அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது, நாக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

காக்ஸ்டனே 1490-ல் எழுதிய ஒரு சம்பவத்தை மகளுக்குச் சொல்லலாம். சில வணிகர்கள் தேம்ஸ் ஆற்றில் காற்றில்லாமல் கப்பல் நின்றுபோக, கரையேறி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் ‘எக்ஸ்’ வேண்டும், அதாவது முட்டை, என்கிறார். அந்த வீட்டுக்கார அம்மாள் ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது’ என்கிறார். முட்டை கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! இன்னொருவர் ‘எய்ரன்’ என்று சொன்ன பிறகுதான் அம்மாளுக்குப் புரிகிறது. ‘எய்ரன்’ ஆங்கிலேயரின் பழைய சொல், ‘எக்’ வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது. இனி எதை அச்சடிப்பது என்று காக்ஸ்டன் திகைத்து நிற்கிறார். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மேல் பாசம் வரும்.

ஆனால் எல்லா ஊமை எழுத்தும் இப்படி வந்தவை அல்ல. கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ஒரு ‘பி’ இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் யாரும் உச்சரித்ததே இல்லை. லத்தீன் ‘டெபிடும்’ நினைவாகப் படித்தவர்கள் பிற்பாடு செருகினார்கள்.

கேள்வி: உயிரோடு இருந்தால் ‘கௌ’, தட்டில் வந்தால் ‘பீஃப்’. ஏன்?

பதில்: 1066-ல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மேல்தட்டில் பிரெஞ்சு ஆண்டது. மேய்ப்பவர் சொல் ஆங்கிலம், உண்பவர் சொல் பிரெஞ்சு. ‘மட்டன்’, ‘போர்க்’ எல்லாம் இதே வகை. ஆனால் ஒரே நாளில் பிரிந்துவிடவில்லை. உயிருள்ள ஆட்டையும் ‘மட்டன்’ என்று சொல்லும் வழக்கம் வெகுகாலம் இருந்தது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் எழுதியதுதானே பழைய ஆங்கிலம்?

பதில்: அது நவீன ஆங்கிலத்தின் தொடக்கம். பழைய ஆங்கிலம் 1100 வாக்கில் முடிகிறது. அதை இன்றைய லண்டன்காரரும் தனியாகப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு இல்லையே. மரியாதை தெரியாத மொழியா?

பதில்: இருந்தது. ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். நம்முடையதைப் போலவே அங்கேயும் பன்மைதான் மரியாதையாக மாறியது. பிறகு யாரைப் பார்த்தாலும் ‘யூ’ சொல்லிவிடுவதே பத்திரம் என்றாகி, 17-ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து நழுவியது. ஆக, அவர்கள் தொலைத்தது ‘நீ’யை. இன்று வீட்டு நாய்க்குட்டியையும் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் கடவுளை ‘தௌ’ என்று அழைப்பதைப் படிப்பவர்கள், அது உச்சபட்ச மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது, நம் பக்திப் பாடல்கள் இறைவனை உரிமையோடு அழைக்கும் அதே ‘நீ’.