ஆஞ்ச கீரையும் அஞ்சு லட்சமும்

போன ஞாயித்துக்கிழமை உசிலம்பட்டி பக்கத்துலருந்து ஒரு அக்கா ப்ளஸ் டூ முடிச்ச மகளக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசியாச்சாம், கொழுந்தனார்தான் முன்ன நிக்கிறாராம், நகைய அடகு வச்சா அஞ்சு லட்சம் தேறுமாம், "சரிதானே தம்பி"ன்னாங்க. பயப்படாதீங்கக்கான்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள புள்ள கேட்டுச்சு: "வீட்டுல கீரை ஆயிறதும் காலேஜ்ல ஆய்வுங்கறதும் ஒரே வார்த்தையா சார்?"

ஒரே வார்த்தைதான். முருங்கைக்கீரைய முறத்துல போட்டு, பழுத்தது, பூச்சி அரிச்சது, காம்புன்னு ஒதுக்கிட்டு நல்லத மட்டும் எடுக்குறோம்ல, அந்த ஆய்தான் ஆய்வுலயும் ஆராய்ச்சியிலயும் இருக்கு. தொல்காப்பியத்துல உரியியல்ங்கற பகுதியில ஆய்தலுக்கு "உள்ளதன் நுணுக்கம்"னு, அதாவது இருக்குறது இன்னும் நுணுகுறதுன்னு, பொருள் சொல்லியிருக்கு. கன்னடத்துல "ஆய்க்கெ"ன்னா தேர்ந்தெடுக்குறது. இப்படிப்பட்ட ஒறவுக்கார சொல்லையெல்லாம் தேடித்தேடி பர்ரோ, எமனோன்னு ரெண்டு மொழி அறிஞருங்க 1961லயே திராவிடச் சொற்பிறப்பியல் அகராதின்னு போட்டுட்டாங்க. இத சொல்லச்சொல்ல புள்ள நோட்டுல எழுதுது, அவங்கம்மா என்னையே மொறைக்கிறாங்க.

அன்னிக்கே அவங்ககிட்ட சொன்னது இதுதான்: அக்கா, கோவிச்சுக்காதீங்க, அந்த சீட்டு வேணாம். இப்படி மொழிய ஆராயுறதுக்கு மொழியியல்னு தனிப் படிப்பே இருக்கு. நம்ம மதுரையில 1901ல பாண்டித்துரைத் தேவர் ஆரம்பிச்ச தமிழ்ச் சங்கத்தோட செந்தமிழ்க் கல்லூரி இருக்கு, அங்கயோ இல்ல அரசு உதவி வாங்குற எய்டட் காலேஜ்லயோ பி.ஏ. தமிழ் சேருங்க, சுயநிதி பிரிவா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கங்க, அதுலதான் ஃபீஸ் வித்தியாசம். அப்புறம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைல எம்.ஏ. மொழியியல். நெட்ங்கற தேசிய தகுதிப் பரீட்சைல நல்லா மார்க் வாங்கி ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சா பிஎச்டிக்கு மொத ரெண்டு வருசம் மாசம் 37,000 ரூவா தர்றாங்க, எல்லாருக்கும் கெடைக்காது, அதையும் சொல்லிர்றேன். அகராதி வேல, மொழிபெயர்ப்பு, கம்ப்யூட்டருக்கு தமிழ் பழக்குற வேலன்னு வேற வழியும் இருக்கு, கூடவே பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி கொஞ்சம் கத்துக்கிட்டா இன்னும் நல்லது. டீச்சர் வேலைக்கு பி.எட்., அது ஒங்களுக்கே தெரியும்.

"தமிழ் படிச்சா எவன் பொண்ணு கேப்பான்"னு கொழுந்தனார் சொன்னாராம். வட்டி கட்டப்போறது அவரில்லையே. கணக்குன்னாலே புள்ளைக்கு வேப்பங்காயி, அத அதுவே சொல்லுது, நாலு வருசம் அரியரோட கெடக்கணுமா? நாளைக்கு அட்வான்ஸ் கட்டுறதா இருந்தீங்கல்ல, அத நிப்பாட்டுங்க, நக பீரோவுலயே இருக்கட்டும். கொழுந்தனார்கிட்ட பேச சங்கடமா இருந்தா என் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கிறேன்.