வைவாவுக்கு எதைப் படிப்பது?

அன்புள்ள சார்,

உயிர்வேதியியலில் பிஎச்.டி. ஸ்காலர் நான். ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டு நீரிழிவு உண்டாக்கிய ஆண் எலிகளில் ஒரு மூலிகைச் சாற்றின் விளைவைப் பார்ப்பது என் ஆய்வு. இரண்டு எக்ஸாமினர் அறிக்கைகளும் வந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர் ஒரு பக்கம் நிறையக் கேள்வி எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கைடு, "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா, டிபனுக்கு மட்டும் சொல்லிவிடு" என்கிறார். எனக்கோ தூக்கமில்லை. ரிவ்யூ கட்டுரைகளாகப் படித்துத் தள்ளுகிறேன். படிக்கப் படிக்க ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறது. ஆங்கிலமும் சரளமாக வராது. எப்படித் தயாராவது? அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

பெயர் வேண்டாம், சார்.

*

அன்புள்ள வாசகிக்கு,

ரிவ்யூ கட்டுரைகளை மூடி வையுங்கள். நீரிழிவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வெளியிலிருந்து வரும் உங்கள் எக்ஸாமினர் ரயிலேறி வரவில்லை. நீங்கள் எதை ஏன் செய்தீர்கள் என்று கேட்க வருகிறார். அதற்கான பதில் உங்கள் செய்முறை அத்தியாயத்திலும் லேப் நோட்டிலும்தான் இருக்கிறது. தீசிஸ் எழுதியவர்களே திரும்பிப் பார்க்காத அத்தியாயம் அது. பாதி வரிகள் சீனியரின் தீசிஸிலிருந்து வந்திருக்கும், பிறகு எப்படிப் பார்ப்பார்கள்?

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒப்பீட்டுக்கு ஒரு குரூப் எலிகளுக்கு கிளிபென்கிளமைடு கொடுத்திருப்பீர்கள். இந்த வகை ஆய்வுகளில் வழக்கமாக அதுதான். அது கணையத்தின் பீட்டா செல்களைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. ஸ்ட்ரெப்டோசோடோசினோ அந்த பீட்டா செல்களையே கொல்வது. மாடே இல்லாத தொழுவத்தில் எப்படியம்மா பால் கறந்தாய் என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. அதைச் சரிசெய்யக் கிளம்பும் பார்ப் என்ற நொதி செல் சக்தி தயாரிக்கத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறு முழுவதையும் செலவழித்துவிட, செல் சக்தியின்றிச் சாகிறது. முன்கூட்டியே நிகோடினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம்) கொடுத்திருந்தால் அதிலிருந்து என்ஏடி உருவாகும், ஒரு பகுதி செல்கள் பிழைக்கும், கிளிபென்கிளமைடுக்கும் வேலை இருக்கும். நீங்கள் நிகோடினமைடு கொடுக்கவில்லையா? அப்படியானால் உங்கள் டோஸில் எவ்வளவு செல் மிஞ்சியது என்பதற்குச் சாட்சி வேண்டும். சீரம் இன்சுலின் அளவையும் கணையத் திசுப் படத்தையும் தேடி எடுத்து வையுங்கள். அதுவும் இல்லையென்றால், "இது என் மாடலின் குறை, மறுபடி செய்தால் இப்படிச் செய்வேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால்தான் அவர் விடமாட்டார்.

இதே மாதிரி ஒவ்வொரு வரியையும் நோண்டுங்கள். மருந்தைக் கரைக்க ஏன் சிட்ரேட் பஃபர், அதுவும் அமிலத்தன்மையுள்ள பிஎச் 4.5? நடுநிலைக் கரைசலில் அந்த மருந்து சீக்கிரம் சிதைந்துவிடும், அமிலத்தில் கொஞ்சம் தாங்கும், அதிலும் நெடுநேரம் நிற்காது என்பதால்தான் கலக்கியவுடன் ஊசி போடுகிறோம். ஊசி போட்ட இரவு குடிக்க ஏன் குளுக்கோஸ் தண்ணீர்? உடைந்த செல்களிலிருந்து இன்சுலின் ஒரேயடியாகக் கொட்டி, சர்க்கரை இறங்கி எலி செத்துவிடக்கூடாதே. ஏன் ஆண் எலி மட்டும்? பெண் எலிகள் இந்த மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. அப்புறம், உங்கள் முடிவுரையில் "எனவே இது மனிதர்களுக்கும் பயன்படும்" என்ற ரீதியில் ஒரு வரி நிச்சயம் இருக்கும். எல்லா தீசிஸிலும் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் எலியின் பீட்டா செல்லுக்குள் நுழைவது குளுட்-2 என்ற வாசல் வழியாக. மனித பீட்டா செல்லில் அந்த வாசல் குறைவு. இதே மருந்தைக் கணையத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மனிதர்களுக்கே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-ல் அனுமதித்தார்கள். எலியில் நடப்பது மனிதனில் அப்படியே நடக்காது, ஆகவே அந்த வரியைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

புள்ளியியலில் இரண்டு விஷயம் போதும். ஒரே எலியின் ரத்தத்தை மூன்று முறை அளந்தால் அது மூன்று எலி ஆகாது. உங்கள் வரைபடத்தில் கோடு போட்டிருப்பது எஸ்டியா (திட்ட விலக்கம்) எஸ்இஎம்மா (சராசரியின் திட்டப் பிழை) என்பது தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும். குரூப்புக்கு ஏன் ஆறு எலி என்ற கேள்விக்கு "எல்லோரும் ஆறுதான் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் காரணம் எழுதியிருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக்காரரின் கேள்விகளைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாமா? ஒவ்வொன்றுக்கும் தீசிஸின் பக்க எண்ணோடு பதில் எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்கள் லேப் ஜூனியர்களிடம் வேண்டாம், விலங்கியலிலோ நுண்ணுயிரியலிலோ இருக்கும் ஒரு தோழியிடம். ஆங்கிலம் மெதுவாக வந்தால் வரட்டும். கேள்வியைத் தாளில் குறித்துக்கொண்டு, "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உறுதிசெய்துவிட்டுப் பேசினால் யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

உங்கள் கைடு சொன்னதில் பாதி சரி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி அறிக்கைகள் திருப்தியாக இருந்தால்தான் வைவாவே நடக்கும். ஆக, உங்கள் தீசிஸைப் படித்த இரண்டு பேர் ஏற்கெனவே சரியென்று சொல்லியாகிவிட்டது. மறு பாதியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இத்தனை வருடம் எலிக்கூண்டு கழுவியவருக்கு, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டாமா? டிபன் பொறுப்பை ஜூனியரிடம் தள்ளிவிடுங்கள்.

அப்பா அம்மாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். முன்வரிசையில் மட்டும் உட்காரவைக்க வேண்டாம். கேள்வி வரும்போதெல்லாம் உங்களைவிட அவர்கள் முகம்தான் வெளிறும், அதைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.