மறுமொழி: அக்கா மகளின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்றால் பரவிவிட்டதா?

வணக்கம் சார். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அக்கா மகளின் மூளைக் கட்டித் துண்டில் ஒவ்வொரு புரதத்தையும் சாயம் போட்டுத் தேடிய ரிப்போர்ட் இது. இதில் 'பாசிட்டிவ்' என்றால் தேடிய புரதம் செல்லில் இருக்கிறது, சாயம் பிடித்தது, அவ்வளவுதான். பரவியதா என்பதை எம்.ஆர்.ஐ.யும் முதுகுத் தண்டு நீர் சோதனையும்தான் சொல்லும்.

நீங்கள் போட்ட வரிகளில் எனக்கு நிம்மதி தந்தது 'ஐஎன்ஐ1 ரீடெய்ண்ட்', அதாவது ஐஎன்ஐ1 என்ற புரதம் செல்லில் அப்படியே இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஏ.டி.ஆர்.டி. என்ற மோசமான கட்டியில் பெரும்பாலும் இந்தப் புரதம் காணாமல் போயிருக்கும். இங்கே 'இல்லை' என்பதுதான் கெட்ட செய்தி. சினாப்டோஃபைசின் என்ற நரம்பு செல் புரதம் நெகட்டிவ் என்பதால், மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டிக்கான வாய்ப்பும் பின்னுக்குப் போகிறது. ஜிஎஃப்ஏபி என்ற புரதத்தின் சாயம் ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, இஎம்ஏ என்ற புரதத்தின் சாயம் புள்ளி புள்ளியாக: இரண்டும் சேர்ந்தால் எபென்டைமோமா (மூளையின் நீர் அறைகளின் உள்சுவர் செல்களைப் போன்ற கட்டி) பக்கம்தான் கை காட்டும்.

ஆனால் எச்3கே27எம்இ3 என்ற இன்னொரு சாயச் சோதனை செய்யவில்லையே, அதைக் கேளுங்கள். சிறுமூளைப் பக்கத்து எபென்டைமோமாவை 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாடு ஏ, பி என்று பிரிக்கிறது. அந்தச் சாயம் பிடிக்காவிட்டால் ஏ. சிறு குழந்தைகளிடம் அதிகம், திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல்.

நீங்கள் இருக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தானே. கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக், ஸ்லைடு இரண்டையும் ஆபரேஷன் செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து வாங்கி, அங்கே மறுபார்வை கேளுங்கள். பிளாக்கை வண்டிப் பெட்டியில் வெயிலில் போட்டுவிடாதீர்கள், உருகினால் வம்பு. அப்புறம், கட்டி மீதி இருக்கிறதா என்று ஆபரேஷனுக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது? அதையும் இங்கே போடுங்கள்.