ஓட்டு யார் கையில்?

அன்புள்ள ஐயா,

வளரும் நாடுகளின் கூட்டமைப்பான பிரிக்ஸில் இந்தோனேசியா சேர்ந்துவிட்டது, பெரிய பொருளாதாரங்களின் அமைப்பான ஜி-20-ன் தலைமை இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று சுற்றி வந்துவிட்டது. இனி உலகம் நம் பேச்சைக் கேட்கும் என்கிறார்கள். ஆனால் ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் இன்றும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற அதே ஐந்து நாடுகளுக்குத்தான். குரூப் போட்டோவைத் தாண்டி இதில் ஏதாவது உண்டா?

– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. போட்டோவை விடுங்கள், யார் யாருக்குக் கடன் தருகிறார்கள் என்று பாருங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ வழித்தடம் போடுகிறார்களே, அதற்குக் கடன் தருவோரில் பெய்ஜிங்கிலிருந்து இயங்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் ஒன்று. 2016-ல் தொடங்கிய வங்கி அது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட வேலைக்கு ஜப்பானையோ உலக வங்கியையோதான் நம்பி இருப்போம்.

ஆனால் பணத்தைவிட ஓட்டு முக்கியம். நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நிதியத்தில் (ஐ.எம்.எஃப்) பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது தலையாட்டாமல் அப்படிப்பட்ட எந்த முடிவும் நகராது. வளரும் நாடுகளின் பங்கைக் கொஞ்சம் கூட்ட 2010-ல் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்க காங்கிரஸ் இழுத்தடித்ததில் அது அமலுக்கு வர 2016 ஆகிவிட்டது. ஆனால் பிரிக்ஸ் நாடுகள் தங்களுக்கென்று ஒரு வங்கியை 2014-ல் அமைத்தபோது, அன்று பிரிக்ஸில் இருந்த பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஐந்துக்கும் சம மூலதனம், சம ஓட்டு என்று எழுதிக்கொண்டார்கள். சீனாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரே எடை! இதை நான் உண்மையிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன். மெட்ரோவுக்குக் கடன் தரும் பெய்ஜிங் வங்கியில் அப்படி இல்லை. அங்கே முக்கிய முடிவுக்கு முக்கால் பங்கு ஓட்டு தேவை, சீனாவிடமோ கால் பங்குக்கு மேல். அமெரிக்கா இருந்த இடத்தில் சீனா, ஆள்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் இலங்கை. 2022-ல் அங்கே பொருளாதாரம் நொறுங்கியபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசு அரிசியும் பால்பவுடரும் மருந்தும் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கைக்கு ஐ.எம்.எஃப் கடன் கிடைக்க, ஏற்கெனவே அதற்குக் கடன் கொடுத்த நாடுகள் அந்தக் கடனில் சலுகை தருவதாக உறுதி சொல்ல வேண்டியிருந்தது. இந்தியா 2023 ஜனவரியில் கடிதம் கொடுத்தது. ஐ.எம்.எஃப்புக்குப் போதுமான கடிதம் சீனாவிடமிருந்து மார்ச்சில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல். அதுவரை இலங்கை மக்கள் காத்துக் கிடந்தார்கள். பெரிய வளரும் நாடுகளின் செல்வாக்கு என்பது இதுவும்தான். இந்தியா முதலில் கையெழுத்துப் போட்டதில் எனக்குப் பெருமை. நாளைக்கு வேறொரு சின்ன நாடு வந்து நின்றாலும், அது நம் பக்கத்து வீடாக இல்லாவிட்டாலும், அதே வேகம் வேண்டும் என்பது என் ஆசை.

பாதுகாப்பு சபை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஐ.நா. சாசனத்தைத் திருத்த அந்த ஐந்து நாடுகளுமே சம்மதிக்க வேண்டும். சீக்கிரம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.